கதவைத் தள்ளக் கற்ற முயல்

எங்கள் இரண்டு முயல்களில் பெரியது பின்னங்காலால் தரையை அறைந்தது எனக்குக் கேட்டது. ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை.

டெல்லி துவாரகாவில் நான்காவது மாடியில் எங்கள் வீடு. மே மாதம், பள்ளிக்கூட லீவு, காலை பத்தரை மணி இருக்கும். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். வெளியே பால்கனியில் ஏசி மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய டிரில்லிங் மெஷின் காலையிலிருந்து விட்டுவிட்டு அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் முயல் பயந்து தட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மெஷின் ஓடாத நேரத்தில் ஏன் தட்டுகிறது என்று யோசித்திருக்கலாம். என் முறை வந்துவிட்டது, பேச ஆரம்பித்தேன்.

முயல் பின்னங்காலால் தரையில் அறைந்தால் ஆபத்து என்று அர்த்தம். தன் கூட்டத்துக்குச் சொல்லும் செய்தி அது. எங்கள் வீட்டில் அதன் கூட்டம் என்பது நான், என் கணவர், பத்து வயது மகள், அப்புறம் இன்னொரு முயல். அந்த இன்னொரு முயல்தான் சின்னது.

இரண்டும் ஜனக்புரியிலிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்திடமிருந்து வந்தவை. பேங்க் வேலை, சென்னைக்கு மாற்றல், முயல்களைக் கொண்டுபோக முடியவில்லை. வரும்போது இரண்டுக்கும் நடிகர் பெயர்கள் இருந்தன. மகளுக்கு அவை பிடிக்கவில்லை. வேறு பெயர் தேடித் தேடி ஒத்துவராமல், கடைசியில் பெரியது, சின்னது என்றே நின்றுவிட்டது. பெரியது சாம்பல் நிற ஆண். சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான் அதற்கு. சின்னது கறுப்பு, பெண், ஓர் இடத்தில் நிற்காது. எந்தப் பையில் என்ன இருக்கிறது, எந்த அலமாரி சரியாக மூடாது என்று வந்த ஒரே வாரத்தில் தெரிந்துவைத்துக்கொண்டது.

அதைப் பழக்க ஆரம்பித்தது நான்தான். ஒரு பால்பாயிண்ட் பேனா, ஒரு மரக்கரண்டி, வாழைப்பழத் துண்டுகள். கரண்டியின் நுனியை மூக்கால் தொட்டால் பேனாவை ஒரு தடவை கிளிக் செய்வேன், உடனே பழம். கிளிக் என்றால் சரியாகச் செய்தாய் என்று பொருள். மூன்றே நாளில் பிடித்துக்கொண்டது. அப்புறம் கரண்டி போகிற இடமெல்லாம் வந்தது. ‘வா’, ‘தொடு’, ‘ஏறு’ என்று ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தேன். வேண்டுமென்றேதான் தமிழில் வைத்தேன். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். மகள் டெல்லியில் பிறந்தவள், எங்களிடமும் பாதிக்கு மேல் இந்திதான் பேசுவாள். முயல்களோடு பேச வேண்டுமென்றால் அவள் தமிழுக்கு வந்தாக வேண்டும் என்று ஒரு சின்ன சூழ்ச்சி.

ஆனால் அவள் பெரும்பாலும் பேசமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹாலில் குப்புறப் படுத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். “அது காதைப் பின்னால போட்டா கிட்ட போகாத அம்மா” என்பாள். “பல்லை மெதுவா அரைக்குது, குஷியா இருக்கு” என்பாள். எனக்கு அதிலெல்லாம் பொறுமை இல்லை. எனக்கு அடுத்த வித்தை வேண்டியிருந்தது.

அந்த அடுத்த வித்தைதான் கதவு. பால்கனிக்குப் போகும் கொசுவலைக் கதவு சக்கரத்தில் ஓடுவது, லேசானது. விரலளவு இடைவெளி விட்டு வைத்தால் சின்னது அதில் மூக்கை நுழைத்துப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அதற்கு மூன்று வாரம் பிடித்தது. ‘தள்ளு’ என்றால் தள்ளும். அதை மொபைலில் எடுத்து எங்கள் குடியிருப்புச் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பூவும் இதயமுமாக வந்து விழுந்தன. மறுநாள் லிப்டில் பேர் தெரியாதவர்கள்கூட நின்று விசாரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மகள் சொன்னாள், “அது விளையாடல அம்மா. அதுக்கு வெளிய போகணும்.” பால்கனி முழுக்கப் புறா வலை கட்டியிருக்கிறது, வெளியே போய் என்ன ஆகிவிடும் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

அந்தப் புறா வலையின் ஒரு மூலையைத்தான் மெக்கானிக் அன்று அவிழ்த்திருந்தார். ஏசியின் வெளிப்பெட்டி பால்கனிச் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு ஸ்டாண்டில் இருக்கிறது. அவிழ்க்காமல் கை எட்டாது. பெட்டியைக் கழுவத் தண்ணீர் பிடிக்க, கொசுவலைக் கதவை இழுத்து மூடிவிட்டு வாளியோடு பாத்ரூமுக்குப் போயிருக்கிறார். கதவு முழுதாக மூடவில்லை. விரலளவு இடைவெளி.

மகள் உள்ளறைக் கதவைத் திறந்தபோது நான் இன்னும் மீட்டிங்கில் இருந்தேன்.

“சின்னது இல்ல.”

சோபாவுக்கு அடியில் பார்க்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினேன். அவள் நகரவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தேன். ஹாலில் பெரியது நிமிர்ந்து உட்கார்ந்து பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தது. கொசுவலைக் கதவு ஒரு முயல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. அதற்கப்பால் மெக்கானிக் எங்களுக்கு முதுகைக் காட்டி அசையாமல் நின்றார். என் காலடி கேட்டதும் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கினார்.

“மேடம், ஹில்னா மத்.” அசையாதீர்கள்.

பால்கனிச் சுவருக்கு வெளியே, அதன் மேல்விளிம்புக்கு ஒன்றரை அடி கீழே, சமையலறை ஜன்னலுக்கு அடியில் ஒரு சிமெண்ட் சஜ்ஜா ஓடுகிறது. மழை படாமல் இருக்கப் போடும் சன்ஷேடு, ஒன்றேகால் அடி அகலம். பத்தடி தள்ளிப் பக்கத்து வீட்டு ஏசிப் பெட்டி வரை போய் முடியும். அந்தப் பெட்டிக்கு முன்னால் சின்னது உட்கார்ந்திருந்தது. வலை அவிழ்ந்த மூலையில் மெக்கானிக்கின் டூல் பெட்டிமேல் ஏறி, ஸ்டாண்டில் குதித்து, அங்கிருந்து சஜ்ஜாவுக்குப் போயிருக்க வேண்டும். அதற்குக் கீழே நான்கு மாடி, அப்புறம் கார் நிறுத்தும் இடத்துக் கான்கிரீட்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். பூட்டிய வீடு. சமையலறை ஜன்னலுக்கு நெருக்கமான இரும்பு கிரில். சஜ்ஜாவுக்கு எங்கள் பால்கனி தவிர வேறு வழி கிடையாது.

நான் முதலில் செய்ததெல்லாம் தப்பு. பேனாவை எடுத்துவந்து கிளிக் செய்தேன். காதுகூடத் திரும்பவில்லை. “வா” என்றேன். வாழைப்பழ டப்பாவை ஆட்டினேன். வீட்டுக்குள் அந்த டப்பாச் சத்தத்துக்கு எந்த மூலையிலிருந்தும் ஓடிவரும். இப்போது உடம்பைச் சிமெண்டோடு ஒட்டி, இரண்டு காதையும் முதுகில் அப்பிக்கொண்டு கிடந்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. “வா, வா இங்க” என்று மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது ‘வா’வுக்கு அது நகர்ந்தது, பின்னால். பின்னங்கால் ஒன்று விளிம்புக்கு வந்து நின்றது.

வாயை மூடிக்கொண்டேன்.

மெக்கானிக் நாற்பது வயதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. தன் இடுப்பில் கயிறு கட்டிக் கதவுச் சட்டத்தில் முடிச்சுப் போட்டார். இதைவிட ஒடுங்கிய இடத்திலெல்லாம் நடந்திருக்கிறேன், போய்த் தூக்கிவந்துவிடுகிறேன் என்று மெல்லச் சொன்னார். நான் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அவர் சுவரைத் தாண்டி ஒரு காலைச் சஜ்ஜாவில் வைத்தார். சின்னது தரையில் அறைந்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம். உள்ளே ஹாலில் பெரியது பதிலுக்கு அறைந்தது. சின்னது பின்பக்கம் இன்னும் இரண்டு விரல் நகர்ந்தது.

“அண்ணா, வந்துவிடுங்கள்” என்று இந்தியில் சொன்னேன். அவர் காலை எடுத்துவிட்டார். கதவைச் சரியாகப் பார்க்காமல் போனது தன் தவறு என்று இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கதவைத் திறக்க அதற்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

கீழே செக்யூரிட்டி ஆள் பார்த்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் எங்கிருந்தோ ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து நான்கு மூலையும் இழுத்துப் பிடித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் யாரோ விசிலடித்தார், யாரோ “உதர், உதர்”, அங்கே அங்கே என்று கை காட்டிக் கத்தினார், மொபைல்கள் மேலே உயர்ந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தக் கறுப்பு முதுகு ஒரு முறை துள்ளி அடங்கியது. நான் மேலிருந்து கத்த முடியாது. செக்யூரிட்டிக்குப் போன் போட்டு, விரிப்பைப் பிடிப்பவர்கள் மட்டும் பேசாமல் நிற்கட்டும், மற்ற எல்லாரையும் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அனுப்பினார். போகாத இரண்டு பேர் தூணுக்குப் பின்னால் நின்று வீடியோ எடுத்தார்கள்.

விலங்குகளை மீட்கிறவர்களின் நம்பருக்குப் போன் போட்டேன். வருகிறோம், ஆனால் வண்டி டெல்லியின் அந்தக் கோடியில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். கணவருக்கு ஏர்போர்ட்டில் ஷிப்ட், அன்று ஆள் குறைவு, நடுவில் விட்டு வர முடியாது. போனில் அவர் முயலைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

“நீ அந்த சஜ்ஜாவுல கால் வைக்கக் கூடாது” என்றார். “புள்ளையையும் கிட்ட விடாத. சொல்லு, வைக்க மாட்டேன்னு சொல்லு.”

சொன்னேன்.

ஒன்றரை மணி நேரம் எங்களிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. மேல்மாடிப் பால்கனியின் நிழல்தான் அந்தச் சஜ்ஜாவுக்குப் பாதுகாப்பு. வெயில் ஏற ஏற நிழலின் ஓரம் விலகிப் போய்க்கொண்டிருந்தது. சின்னது இருந்த இடத்துக்கும் வெயிலுக்கும் நடுவில் இரண்டு சாண் இருந்தால் அதிகம். முயலுக்கு வேர்க்காது. காதில் ஓடும் ரத்தத்தை வைத்துத்தான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும். டெல்லி மே மாத வெயிலில், சூடேறிய சிமெண்டில், அதற்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. போதாததற்குப் பருந்துகள். எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிமேல் எப்போதும் இரண்டு மூன்று உட்கார்ந்திருக்கும். அன்று ஒன்று எழுந்து வட்டமிட ஆரம்பித்திருந்தது. அதன் நிழல் சஜ்ஜாவின் மேல் ஓடிப் போகும்போதெல்லாம் சின்னது கல்லாகிவிடும்.

நான் மரக்கரண்டியை ஒரு துடைப்பக் கட்டையின் நுனியில் கட்டி நீட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஒரு தடவை, மெதுவாக, “வா” என்றும் சொல்லியிருப்பேன். மகள் என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, நீ கூப்பிடாத.”

திரும்பினேன். அவள் அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

“அதுக்கு டர் ஆகுது. நீ கூப்பிடறப்போ உன் வாய்ஸ்லயும் டர் இருக்கு. அது அதைத்தான் கேக்குது.”

பயம் என்ற சொல் அவசரத்தில் அவளுக்கு வரவில்லை. ஆனால் சொன்னது சரி. நான் அன்பாகக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் தொண்டை இறுகியிருந்தது எனக்கே தெரிந்தது. முயல் சொல்லைக் கேட்கவில்லை, தொண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பெரியதை இங்கே கொண்டுவர வேண்டும் என்றாள் அவள். பெரியது பயப்படாமல் சாப்பிட்டால், ஆபத்து இல்லை என்று சின்னதுக்குத் தெரியும். நாம் யாரும் அதைப் பார்க்கக் கூடாது. ஒரே நேரத்தில் இத்தனை கண் பார்த்தால் பிடித்துத் தின்ன வந்தவர்கள் என்றுதான் முயல் நினைக்கும் என்றாள். இதையெல்லாம் பாதி இந்தியில், என்னை நிமிர்ந்து பார்க்காமல், ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள்.

எனக்குத் துணிவு வரவில்லை. பெரியதும் அங்கே வந்து மிரண்டு தரையை அறைந்தால், அந்த ஒரு சத்தம் போதும், சின்னது விளிம்பைத் தாண்டிவிடும். அப்படி ஆனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். சஜ்ஜாவைப் பார்த்தேன். இரண்டு சாண் நிழல் ஒரு சாணாகியிருந்தது. பெரியதைத் தூக்கிக் கம்பிக் கூண்டில் விட்டேன். மெக்கானிக்கும் நானும் கூண்டை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய், வலை அவிழ்ந்த மூலைக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு, சஜ்ஜாவிலிருந்து பார்த்தால் தெரிகிற உயரத்தில் வைத்தோம். கூண்டின் மேல் ஈரத் துண்டு, உள்ளே ஒரு கட்டு கொத்தமல்லி. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு மகள் கூண்டுக்குப் பக்கத்தில் படுத்தாள், சஜ்ஜாவுக்கு முதுகைக் காட்டி. என்னையும் படுக்கச் சொன்னாள். மெக்கானிக் கதவோரம் சப்பணமிட்டு எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். இடுப்புக் கயிற்றை அவர் அவிழ்க்கவில்லை.

ஈரத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூண்டின் அடிக்கம்பி, அதற்குள் பெரியதின் நான்கு பாதங்கள். பின்னங்கால்கள் இரண்டும் விறைத்திருந்தன. அறைவதற்கு முன்னால் அப்படித்தான் விறைக்கும். கொத்தமல்லியை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப் போனது. விமானச் சத்தம் இவற்றுக்குப் பழக்கம், பிறந்ததிலிருந்து கேட்பவை. ஆனால் நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் கீழே ஏதாவது விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பெரியதிடம் பேச ஆரம்பித்தாள். தமிழில். “நல்ல பையன். சாப்பிடு. ஒண்ணும் இல்ல. எல்லாம் இங்கதான் இருக்கோம்.” கொச்சையான, அங்கங்கே உடைந்த தமிழ். அவள் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. குரலில் கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை. எங்கிருந்து அவளுக்கு அது வந்தது என்று இன்றும் தெரியாது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். பெரியதின் பின்னங்கால் மெல்லத் தளர்ந்தது. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது, கொத்தமல்லித் தண்டு பல்லுக்கிடையில் முறியும் சத்தம். ஒரு தண்டு. இன்னொன்று. அப்புறம் விடாமல்.

“இப்போ காது?” என்று கிசுகிசுத்தேன். மகள் மொபைலின் கேமராவைத் திருப்பி, சுவருக்கு மேலே தெரியும்படி உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். ஒரு காது எழுந்திருக்கிறது என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைக் கழுவிக்கொள்கிறது என்றாள். முன்னங்கால்களை நக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டால் முயலுக்குப் பதற்றம் இறங்குகிறது என்று அர்த்தம். வெயில் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். அதன் வால்மேல் என்றாள்.

என் மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது. சிமெண்டில் நகம் உரசும் சத்தம் எனக்கே கேட்டது. நான்கு எட்டு, நிறுத்தம். மூன்று எட்டு, நிறுத்தம். எங்கள் பால்கனிச் சுவருக்கு அந்தப் பக்கம், என் தலையிலிருந்து இரண்டடியில், அது மூச்சு விடுவது கேட்டது. வேகமான, இரைக்கிற மூச்சு. வெயில் அதை எட்டிவிட்டிருந்தது.

இனித்தான் கஷ்டமான இடம். இறங்கும்போது எளிதாகக் குதித்துவிட்டது. ஏற வேண்டுமென்றால் வழுக்குகிற இரும்பு ஸ்டாண்டில் ஒரு கால், அங்கிருந்து சுவரின் மேல்விளிம்பு. நான் எழுந்து மண்டிபோட்டு மரக்கரண்டியை எடுத்தேன். மகள் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நான் விட்டுவிட்டேன். வலை இடைவெளி வழியாகக் கையை நீட்டிக் கரண்டி நுனியைச் சுவர் விளிம்புக்கு அரைச்சாண் உயரத்தில் பிடித்தாள். நான் அவள் இடுப்பை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“தொடு” என்றாள்.

கறுப்பு மூக்கு மேலே வந்தது. கரண்டியை மோந்தது. பருந்தின் நிழல் எங்கள் மூன்று பேர் மேலும் ஓடிப் போனது. மூக்கு மறைந்தது. மகள் கரண்டியை அசைக்கவில்லை. மறுபடி சொல்லவும் இல்லை. நான் சொல்லியிருப்பேன். நான்கைந்து தடவை சொல்லியிருப்பேன். அவள் காத்திருந்தாள். பெரியது கூண்டுக்குள் மென்றுகொண்டே இருந்தது.

மூக்கு திரும்ப வந்து கரண்டியைத் தொட்டது.

“ஏறு” என்றாள், ஒரே ஒரு தடவை.

அது குதித்தது. முன்னங்கால்கள் சுவர் விளிம்பில் விழுந்தன. பின்னங்கால் ஸ்டாண்டில் வழுக்கி அந்தரத்தில் உதறியது. சிமெண்டில் நகங்கள் கீறி இறங்கின. பிடித்து இழுத்தால் திமிறிவிடும் என்பது மகளுக்குத் தெரிந்திருந்தது, அவள் பிடிக்கவில்லை. நான் என்ன நினைத்தேன் என்று நினைவில்லை. வலைக்கு வெளியே இன்னொரு கையை விட்டு, உதறிக்கொண்டிருந்த பாதங்களுக்கு அடியில் உள்ளங்கையை விரித்தேன். அவ்வளவுதான். அது என் கையை மிதித்து, உந்தி, சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தது. என் உள்ளங்கையில் நான்கு கோடுகள் ஆழமாக விழுந்து ரத்தம் கசிந்தது.

மெக்கானிக் ஒரே பாய்ச்சலில் வலையின் மூலையை இழுத்துச் சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

மீட்பு வண்டிக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். ஆனால் அது அங்கே முடியவில்லை. சின்னதின் காதுகள் அடுப்பில் வைத்ததுபோல் கொதித்தன. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் காதைத் துடைத்துத் துடைத்துச் சூட்டை இறக்கினோம். மூச்சு சீராக ஒரு மணி நேரம் ஆயிற்று. பிற்பகல் வரை எதையும் தின்னவில்லை. வாழைப்பழத்தைக்கூட முகத்தைத் திருப்பி ஒதுக்கியது. முயல் சாப்பிடுவதை நிறுத்தினால் குடல் நின்றுவிடும், ஒரே நாளில் இறந்துவிடும். முயல் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டர் ஜனக்புரியில் இருந்தார். நான்கு மணிக்கு டாக்ஸி பிடித்தோம்.

வழியில் மகளிடம், கதவு விஷயத்தில் நீ சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். அவள் மடியிலிருந்த கூடைக்குள் கையை விட்டு அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். இனிமேல் அதற்கு எதுவும் கற்றுக்கொடுக்காதே என்று இந்தியில் சொன்னாள். சரி என்றேன். டிரைவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துவிட்டு ஏசியைக் கூட்டினார்.

டாக்டர் தோலுக்கடியில் நீர் ஏற்றினார், வலிக்கு ஊசி போட்டார். கரைத்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சில் வாய்க்குள் செலுத்த வேண்டும், இரண்டு பேர் பிடித்தால்தான் முடியும் என்று உதவியாளரைக் கூப்பிடப் போனார். மகள் சிரிஞ்சை வாங்கி அதன் வாயருகே கொண்டுபோனாள். சின்னது தயங்கித் தயங்கி, தானே நுனியைக் கவ்வி உறிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மசித்த பழத்தைச் சிரிஞ்சில் வைத்து அவள் பழக்கியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. எதற்காக என்று டாக்டர் கேட்டதற்கு, எப்பவாவது உடம்பு சரியில்லாம போனா பயப்படக் கூடாதுல்ல என்றாள். இந்த முறை பயம் என்ற சொல் வந்துவிட்டது.

அன்று மாலை ஆறரை மணிக்குக் கூடையில் ஏழு புழுக்கைகள் இருந்தன. மகள் அவற்றை எண்ணிவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னாள். குடல் ஓடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. மெக்கானிக்கும் போன் செய்து கேட்டார். புறா வலையை நான்கு மூலையிலும் இரட்டைக் கம்பி போட்டு முறுக்கிவிட்டுத்தான் அவர் போயிருந்தார்.

கொசுவலைக் கதவுக்கு உள்பக்கம் உயரத்தில் தாழ்ப்பாள் போட்டோம். வீடியோவைக் குரூப்பிலிருந்து அழித்துவிட்டேன். கீழே நின்று எடுத்த ஒருவர் அன்றைய வீடியோவைப் போட்டார். அதில் நாங்கள் யாரும் தெரியவில்லை. வெறும் சுவரும் வலையும், மேலே வெயிலும்தான் தெரிந்தன.

சின்னது மகளிடம் மறுநாளே ஒட்டிக்கொண்டது. என்னிடம் வரவில்லை. நான் அறைக்குள் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போகும். முதுகைக் காட்டி உட்காரும். கோபம் அம்மா, அப்படித்தான் காட்டும், நீ ஒண்ணும் பண்ணாத என்றாள் மகள். நான் ஒன்றும் பண்ணவில்லை. ஜூன் முழுக்க அப்படியே போயிற்று. தினமும் சாயங்காலம் ஆபீஸ் வேலை முடிந்ததும் ஹால் தரையில் படுத்துக்கொள்வேன், கையில் பழமும் இல்லாமல், பேனாவும் இல்லாமல். முதலில் சலிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பெரியது தூங்கும்போது அதன் மூக்கு அசைவு நின்றுபோகும். சின்னது தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் வீட்டின் எல்லாக் கதவுகளையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளும். இரண்டு வருடமாக என் வீட்டிலிருந்த பிராணிகள். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஜூலையில் ஒரு நாள், மழை பெய்துகொண்டிருந்தது. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஆபீஸ் காகிதங்களைப் பரப்பி, குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். முழங்கையில் ஏதோ ஈரமாக இடித்தது. சின்னது. மறுபடி மூக்கால் ஒரு குத்து, முன்னதைவிட அழுத்தமாக. அதன் வழியில் நான் படுத்திருக்கிறேன், தள்ளிக்கொள் என்கிறது. காகிதங்களை வாரிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். அது என்னைத் தாண்டிப் போய், நான் படுத்திருந்த சூட்டிலேயே நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது.